தண்ணீர் தெளிக்கப்படும்

ஒரகடத்தில் காரும் பஸ்ஸும் செய்கிறார்கள். உலகத் தரம். அந்த ஆலைகளுக்குத் தளம் போட ஜல்லி வேண்டும், எம்-சாண்ட் வேண்டும். அதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் மலைகள் இருக்கின்றன. சில இடங்களில் இருந்தன.

எருமையூரிலும் பழையசீவரத்திலும் கிரஷர் அரைக்கிறது. வாலாஜாபாத் சாலையில் டிப்பர் பறக்கிறது. ஓரத்து டீக்கடையில் மூடிபோட்ட ஜாடிக்குள் இருக்கும் பிஸ்கட் தவிர மற்ற எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி. டீ குடிப்பவருக்கு மூடி கிடையாது.

குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாதாம். 1959-ம் ஆண்டின் சிறுகனிமச் சலுகை விதிகள் சொல்கின்றன. தூசும் அதைப் படித்திருக்கும். 299-வது மீட்டரில் நின்றுவிடும்.

சரி, குவாரியால் ஊருக்கு என்ன ஆபத்து என்று ஆராய்ந்து அறிக்கை தருவது யார்? ஆலோசனை நிறுவனம். அதற்குப் பணம் கொடுப்பது யார்? குவாரிக்காரர். மாப்பிள்ளை வீட்டுச் செலவில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போனவர் வேறென்ன சொல்வார்? தங்கமான பையன்!

மூன்று மாதம் காற்றை அளப்பார்கள். பி.எம்.10 துகள் 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டாவிட்டால் பாஸ். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 45. நமக்கு அரசாங்கமே இரட்டை நுரையீரல் கொடுத்திருக்கிறது போலும்.

காற்றை அளந்தவர்கள் நெஞ்சைத் தொடுவதில்லை. கல்தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிக்கோசிஸ். குணமே கிடையாது. டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களும் உண்டு. அறிக்கையில் மட்டும் இதற்கு மருந்து தயார்: தண்ணீர் தெளிக்கப்படும். மரம் நடப்படும். முகக்கவசம் வழங்கப்படும். எல்லாமே 'படும்'. படுவது மட்டும் ஜனங்கள்.

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்குத் தந்த அறிக்கை, ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து சுட்டது என்று அம்பலமானது. ரஷ்யாவில் தண்ணீர் தெளித்தால் கொங்கணத்தில் தூசு அடங்கும்!

அப்புறம் கருத்துக்கேட்புக் கூட்டம். இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையில் கணக்கே இல்லை. நாற்காலிகள் மட்டும் வந்தாலும் கூட்டம் செல்லும். ஐந்து ஹெக்டேருக்குள் அடங்கும் தனிக் குவாரிக்கு அந்தக் கூத்தும் கிடையாது.

ஆனால் அதே அறிவிக்கை, கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை ஊர்மொழியில் வாசித்துக் காட்டவேண்டும் என்கிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஒரே கேள்வி கேளுங்கள்: இந்த ஊரில் எத்தனை பேருக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தீர்கள்? பதில் குறிப்பில் ஏறி, வாசித்துக் காட்டும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்காதீர்கள்.