பூனைக்கு யாருய்யா பாடம் நடத்துறது?

ஏய்யா, பூனையும் வளர்ப்பேன், வீட்டுக்குள்ள செடியும் வளர்ப்பேன்னு கெளம்பிட்ட. ரொம்பச் சந்தோசம். செடி வாங்கும்போது என்னத்தப் பாத்த? சட்டி நெறம் சோபாவுக்குத் தோதா இருக்கான்னு பாத்த. போட்டோவுல எடுப்பா விழுமான்னு பாத்த. வீட்டுக்குள்ள ஒண்ணு நாலு காலுல சுத்துதே, அது கடிச்சா என்னாகும்னு பாத்தியா?

கேட்டா, "தாத்தா, இது காத்தச் சுத்தம் பண்ணும், நாசாவே சொல்லியிருக்கு"ங்கிற. சொன்னாம்யா, 1989-ல. இறுக்கி மூடுன பெட்டிக்குள்ள செடிய வச்சுப் பாத்துச் சொன்னாம். நீ என்ன பெட்டிக்குள்ளயா குடியிருக்க? 2019-ல ரெண்டு பேரு பழைய ஆராய்ச்சிய எல்லாம் கூட்டிக் கழிச்சுப் பாத்திருக்காக. கட்டடத்துக்குள்ள தன்னால வந்துபோற காத்து செய்யுற வேலையச் செடி செய்யணும்னா, சதுர மீட்டருக்கு 10-லருந்து 1000 செடி வேணுமாம். அத்தன சட்டிய வச்சுட்டு நீ எங்க படுப்ப? பேசாம சன்னலுக்கு வலையடிச்சுத் தொறந்து போடு.

ஊருல மருள்னு ஒண்ணு வேலியோரம் சீந்துவாரில்லாமக் கெடக்கும். அதுக்குப் பங்காளிதான் ஸ்நேக் பிளாண்டுன்னு பேரு வச்சுக்கிட்டு உன் நடுவீட்டுல பீங்கான் சட்டியில உக்காந்திருக்காம். பூனை தின்னா வாந்தி, பேதி. மணி பிளாண்ட், பீஸ் லில்லி, டைஃபன்பேக்கியா மூணும் நம்ம சேப்பங்கெழங்குக் குடும்பம். பச்சக் கெழங்க நறுக்குன கை என்னமா அரிக்கும்? கால்சியம் ஆக்சலேட்டு ஊசி ஊசியா உள்ள இருக்குய்யா. அந்த ஊசி பூனை நாக்குல ஏறுனா எச்சி ஒழுகும், வாயி எரியும், மீனு வச்சாலும் மோந்துட்டுப் போயிரும்.

இதெல்லாம் சில்லறை. பெரிய கேடு பொக்கேக்குள்ள வருது. பொறந்தநாளுக்குச் சிநேகிதன் குடுப்பாம்லா, அந்த அசல் லில்லிப் பூ. இலை, பூ, தண்டு எதத் தின்னாலும் பூனைக்குச் சிறுநீரகம் போயிரும். மகரந்தம் முடியில ஒட்டி, அத நக்குனாலே போதும். பூ நின்ன சாடித் தண்ணியக் குடிச்சாலும் போதும். மொத நா வாந்தி எடுக்கும், அப்புறம் தெளிஞ்ச மாதிரி தெரியும். நீயும் "சரியாப்போச்சு"ன்னு செல்போனப் பாத்துக்கிட்டு இருப்ப. ரெண்டு மூணு நாள்ல மூத்திரம் நின்னுபோகும். சாகோ பனைன்னு விக்கிறானே, பனையுமில்ல ஒண்ணுமில்ல, அது ஈரலைத் தின்னுரும். கொட்டைதான் அதுல ரொம்ப மோசம். நம்ம அரளி நெஞ்சை நிறுத்தும். மாநிலப் பூவுன்னு பெருமையா வச்சிருக்கியே செங்காந்தள், அதுவும் வெசந்தான்.

"ஒசரத்துல வச்சிருக்கேன் தாத்தா"ங்கிற. பீரோ மேல தூங்குறது யாரு, நானா? "தொடாதன்னு சொல்லி வளக்கேன்"ங்கிற. நீ சொல்லி உன் வீட்டுல யாரு கேட்டிருக்கா, பூனை கேக்கதுக்கு? அது புல்லு தின்னுற சாதி. வேட்டைப்பூனையும் தின்னும், வீட்டுப்பூனையும் தின்னும். அத மாத்த உன்னால ஆகாது. செடிய மாத்து.

அரிக்கா பாம் வை, ஸ்பைடர் பிளாண்ட் வை, பாஸ்டன் ஃபெர்ன் வை. கடிச்சாலும் வெசமில்ல. சட்டி மண்ணக் கெளறி அதுலயே வெளிக்கிருக்கும், மேல பெரிய கூழாங்கல்லாப் பரப்பி வச்சிரு. பூச்சி மருந்து அடிக்காத. பூனைக்குன்னு புல்லுச் செடி முந்நூறு ரூவாய்க்கு ஆர்டர் போடாத. அடுப்படியில கோதுமை இருக்குல்லா? ஒரு பிடிய ராத்திரி ஊறப்போட்டு, காலையில மண்ணுல தூவி, தண்ணி தெளி. ஒரு வாரத்துல விரல் நீளத்துக்கு நிக்கும். அது மேயட்டும்.

அப்படியும் எதையாவது தின்னு தொலச்சுதா? உப்புத் தண்ணி கரைச்சு ஊத்தாத, வெளக்கெண்ணெ குடுக்காத. உன் வைத்தியத்துக்கு அது எலியில்ல. கடிச்ச செடியில ஒரு கொப்ப ஒடிச்சு எடுத்துக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்கோ பூனை டாக்டருக்கிட்டயோ ஓடு. லில்லின்னா வாந்தி வரட்டும்னு காத்திருக்காத. அன்னைக்கே போனாத்தான் பொழைக்க வழி.

இனி நர்சரிக்காரன் ஒரு செடிய நீட்டி, அதிர்ஷ்டம் வரும், காசு கொட்டும்பாம். "அண்ணாச்சி, பூனை தின்னா என்னாகும்?"னு ஒரே ஒரு கேள்வி கேளு. முழிச்சாம்னா, காசு கொட்டப்போறது அவனுக்குத்தாம்னு தெரிஞ்சுக்க.