ஒளியின் மாணவர் வேலை தேடுகிறார்

இவருக்கு இருபத்தைந்துக்கு மேல், முப்பதுக்குள் இருக்கும். விஸ்காம் படித்தவர், அல்லது எஞ்சினியரிங் முடித்துவிட்டு விஸ்காம் படித்தவர் மாதிரியே பேசுகிறவர். தோளில் கேமரா. அதன் கம்பெனிப் பெயர் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருப்பார், தெருவில் எடுக்கும்போது யார் கண்ணிலும் படக்கூடாதாம். டேப் ஒட்டியிருப்பதை மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுவார். வீட்டில் 'கேமராவைத் தூக்கிட்டுச் சுத்துறான்' என்பார்கள், சொந்தக்காரர்கள் 'நம்ம போட்டோக்காரத் தம்பி' என்பார்கள். இன்ஸ்டாகிராமில் அவரே வைத்துக்கொண்ட பட்டம் 'ஒளியின் மாணவன்'.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்த அன்றே போர்ட்ஃபோலியோ வேலை தொடங்கிவிடும். கம்பெனிக்காரர்கள் கேட்டது 15 படம், 5 எம்.பி.க்குள் ஒரு பி.டி.எஃப். இவரிடம் இருப்பவை இரண்டு ஹார்ட் டிஸ்க்.

உள்ளே என்ன இருக்கும் என்பதைத் திறக்காமலே சொல்லிவிடலாம். காசிமேட்டில் விடிகாலை, வலையோடு ஒரு மீனவர். குலசேகரப்பட்டினம் தசராவில் காளி வேஷம், காளிக்குப் பின்னால் இவரைப் போலவே வந்த ஏழெட்டுப் பேரின் லென்ஸ். அலங்காநல்லூரில் காளையின் கொம்பும் யாரோ ஒருவரின் முழங்கையும். பாம்படம் தொங்கும் காதோடு ஒரு பாட்டி. சுருக்கம் விழுந்த தாத்தாக்கள், கணக்கில்லாமல். 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-ல் திறந்துவைத்து எடுத்ததால் தாத்தாவின் ஒரு கண் மட்டும் தெளிவாக இருக்கும். மற்றொரு கண்ணையும் பின்னாலிருக்கும் திருவல்லிக்கேணியையும் நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தவறிப்போன படம் என்று ஒன்று இவரிடம் கிடையாது. ஃபோகஸ் போய்விட்டால் கறுப்பு வெள்ளை ஆக்குவார். அப்போதும் தேறவில்லையா, தலைப்பு வைப்பார். கை ஆடியிருந்தால் 'இயக்கம்', இருட்டடித்திருந்தால் 'மௌனம்', ஆள் பாதி வெட்டுப்பட்டிருந்தால் 'இருப்பு'.

எடுக்கத் தெரிந்த மனிதருக்கு விடத்தான் தெரியவில்லை. எனக்கு இவர்மேல் உள்ள ஒரே புகாரும் அதுதான். ராபர்ட் ஃபிராங்க் அமெரிக்காவெங்கும் காரில் சுற்றி ஏறத்தாழ 28,000 படம் எடுத்து, 1958-ல் வந்த 'தி அமெரிக்கன்ஸ்' புத்தகத்தில் 83 படத்தை மட்டும்தான் வைத்தார் என்று நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னார். "அவரு ஃபிலிம்ல எடுத்தாரு ப்ரோ, அது வேற காலம்" என்று முடித்துக்கொண்டார் நம்மவர். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறதாம். இந்தப் படத்துக்காக நாய் துரத்தியது, அதற்காக ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே போனது. நாயோ பஸ்ஸோ படத்தில் இல்லை என்பதை அவரிடம் யார் சொல்வது?

கடைசியில் தேர்வுக் குழு கூடும். குழு என்றால் அம்மா. மடிக்கணினியைச் சமையலறைக்கே கொண்டுபோய்க் காட்டுவார். கரண்டியும் கையுமாக அம்மா பத்துப் படம் பார்த்துவிட்டு, "ஏண்டா, எல்லாம் வயசானவங்களாவே இருக்காங்களே, உன் கண்ணுல சின்னப் பிள்ளைங்களே படாதா?" என்பார். பிறகு, "நம்ம ரேஷன் கார்டுக்கு எடுத்தியே, அது எவ்வளவு தெளிவா இருந்துச்சு!"

பி.டி.எஃப். போதும் என்றாலும் இவருக்கு மனசு கேட்காது. 12க்கு 18-ல் பிரிண்ட் போட்டுத் தோல் பெட்டியில் வைத்துக் கொண்டுபோனால்தான் மரியாதை. லேப்காரர் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "பொண்ணு மாப்பிள்ளை எந்த ஃபோல்டர்ல சார்?" என்று கேட்பார். பிரிண்ட் வந்து பார்த்தால் காசிமேட்டில் விடியவே இல்லை. திரையின் வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவைத்துக்கொண்டு திருத்தினால் தாளில் எல்லாம் இருட்டாகத்தான் விழும். ஆனால் தலைப்புதான் தயாராக இருக்கிறதே, 'மௌனம்'.

முதல் தேர்வு ஒரு பத்திரிகை அலுவலகத்தில். ஆசிரியர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு பி.டி.எஃப்.பைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். இரண்டு மாதம் உழைத்த போர்ட்ஃபோலியோ ஒரு வாய் காப்பிக்குள் முடிந்துவிட்டது. ஒரு தாத்தாவில் மட்டும் விரல் நின்றது.

"இவர் யாரு தம்பி?"

"சார், அது வந்து... முதுமைங்கிற..."

"பேரு?"

பெயர் கேட்டு வைத்திருக்கவில்லை. செய்திப் படத்துக்கு 'இடமிருந்து வலம்' என்று ஒரு வரி வேண்டும், அந்த வரியில் ஆட்களுக்குப் பெயர் இருக்க வேண்டும். "போய்க் கேட்டுட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். தாத்தா எந்தத் தெரு என்பதும் இவருக்கு ஞாபகமில்லை.

இரண்டாவது, ஆன்லைனில் பாத்திரம் விற்கும் ஒரு கம்பெனி. இவர் போனதே அரைமனசோடு. அமேசான் மாதிரி தளங்களில் முதல் படத்தின் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும், படத்தில் 85 சதவீதத்தைப் பொருளே நிரப்ப வேண்டும். இருப்புக்கும் இயக்கத்துக்கும் அங்கே இடமில்லை. மேலாளர் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. மேஜை மேல் ஓர் எவர்சில்வர் குடத்தை வைத்து, "இதை எடுங்க பார்ப்போம்" என்றார்.

எவர்சில்வர் குடத்தைப் படம் எடுத்தவர்களுக்குத்தான் அந்தப் பாவம் தெரியும். அதன் வளைந்த வயிற்றில் அறையே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல், டியூப் லைட், மேலாளரின் வழுக்கை, நடுவில் கேமராவோடு குள்ளமாக நம்மவர். இவருக்கு முன்னால் வந்திருந்தவர்கள் எடுத்த படங்களிலெல்லாம் அவரவர் முகமே இருந்ததாம்.

நம்மவர் ஒரு நிமிஷம் குடத்தையே பார்த்தார். பிறகு, "சார், ஒரு வெள்ளை வேட்டி கிடைக்குமா?" என்றார். கொடுத்தார்கள். குடத்தைச் சுற்றி வேட்டியைக் கூடாரமாகக் கட்டினார். விளக்குகளைக் கூடாரத்துக்கு வெளியே நிறுத்தி, வெளிச்சம் துணி வழியாக வடிந்து விழும்படி செய்தார். எல்லாம் வெள்ளையாகிவிட்டால் குடத்தின் ஓரம் பின்னணியோடு கரைந்துவிடும். அதற்காக இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையைக் கீற்றாக நிற்கவைத்தார். குடத்துக்கு மை தீட்டினாற்போல் விளிம்பு எழுந்தது. நீள லென்ஸைப் போட்டுக்கொண்டு பின்னால் தள்ளிப்போய், துணியின் இடுக்கு வழியாகச் சுட்டார். குடத்தில் குடத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.

"எங்க கத்துக்கிட்டீங்க?"

மாமாவின் பாத்திரக் கடைக்குத் தீபாவளி நோட்டீஸ் அடிக்க வருஷா வருஷம் அண்டா, தூக்கு, குத்துவிளக்கு என்று எடுத்துக்கொடுத்தவர் இவர்தான். அந்தப் படங்களெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் 'சில்லறை வேலை' என்ற ஃபோல்டரில் கிடக்கின்றன. போர்ட்ஃபோலியோவில் ஒன்றுகூட இல்லை. மாமா கடை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, "யூடியூப்ல சார்" என்றார்.

திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். இவருடைய முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றி இல்லை, தசராவுக்கு லீவு உண்டா என்பதுதான்.

அன்று ராத்திரி குடத்தின் படத்தை அம்மாவிடம் காட்டினார். காட்டுவதற்கு முன்னால் ஒளியின் இயல்பு, உலோகத்தின் குணம், நிழலின் இலக்கணம் எல்லாவற்றையும் விளக்கி முடித்திருந்தார். அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இதுவரை எந்தத் தாத்தாவையும் பார்க்காத அளவு கூர்மையாகப் பார்த்தார்.

"எத்தனை லிட்டர்டா பிடிக்கும்? என்ன விலை சொல்றாங்க?"

இந்தப் பாராட்டை ஒளியின் மாணவர் அவமானமாக எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்துவிட்டார்.