சுத்தியலுக்கு மேல் சொச்சம்

நியூயார்க்கில் கலை ஏலத்துக்கு ஆண்டில் இரண்டு முகூர்த்த மாதங்கள்: மே, நவம்பர். 2017 நவம்பரில் லியனார்டோ டா வின்சியின் 'சால்வேட்டர் முண்டி'யை மேடையேற்றியது கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம். ஐந்நூறு வயதான அந்த இயேசு ஓவியம் இடம்பெற்றது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கலைக்கும் சமகாலக் கலைக்கும் உரிய ஏலத்தில்! பெரும்பணம் உட்காரும் அரங்கு அதுதான். லியனார்டோவும் சமகாலத்தவர் ஆகிவிட்டார்.

1958இல் லண்டனில் இதே படம் 45 பவுண்டுக்குப் போனது. அப்போது அது லியனார்டோவின் சீடர் பொல்ட்ராஃபியோ கணக்கில் இருந்தது. பிற்பாடு மேல்பூச்சை நீக்கி, பழுதுபார்த்து, நிபுணர்கள் சிலர் தலையாட்டியதும் குருவின் கணக்குக்கு மாறியது. வேறு சில நிபுணர்கள் இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள்.

2017 ஏலத்தில் சுத்தியல் விழுந்தது 40 கோடி டாலரில். அதற்குமேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் 5 கோடிச் சொச்சம்; வாங்கியதற்கு வாங்கியவரே கட்ட வேண்டிய தண்டம்.

அதன்பின் படம் பொதுப் பார்வைக்கு வரவேயில்லை. அதை வரைந்தது யார் என்பதில் சண்டை ஓயவுமில்லை. அந்த 5 கோடியை வாங்கிக்கொண்டது யார் என்பதில் மட்டும் எந்த நிபுணருக்கும் ஐயமில்லை.