நீங்க திருநெல்வேலியா?

போனில் பேசும்போது ஒரு 'சொல்லுதேன்' வாய் தவறி வந்துவிட்டால் போதும், சென்னையில் எதிர்முனை குஷியாகிவிடும். "சார், நீங்க திருநெல்வேலியா?" ஆமாம் என்றால் அல்வா, அடுத்து அருவா, அதற்கடுத்து 'பாபநாசம்' கமல். 2015இல் வந்த படம். என் தலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்கள் பாவம், 1995இல் வந்த 'சதி லீலாவதி'க்கு இன்றுவரை பதில் சொல்கிறார்கள்.

ஊரைக் கேட்கட்டும், தப்பில்லை. "கொஞ்சம் பேசிக் காட்டுங்களேன்" என்பார்கள் பாருங்கள், அதுதான் சங்கடம். எங்கள் மேலாளர் என்னைவிட வயதில் மூத்தவர். மீட்டிங் நடுவே, "ஏலேன்னு ஒரு தடவை சொல்லுங்க" என்று கெஞ்சினார். எங்கள் பக்கம் 'ஏலே' என்பது சின்னப் பயல்களுக்கும் சேக்காளிகளுக்கும் உரியது. மூத்தவரைக் கூப்பிட்டால் பொடதியில் ரெண்டு விழும். ஆனாலும் மேலிடத்து உத்தரவாயிற்றே, சொன்னேன். "இன்னொரு தடவை" என்றார். அந்த வருடம் எனக்குப் போட்ட இன்கிரிமென்ட் நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை மனசாரச் சொன்னேன்.

நம் வழக்கிலேயே நம்மிடம் பேசிப் பார்க்கிறவர்கள் தனி ரகம். கோவைக்காரர் எதிரில் வந்தால், எல்லாச் சொல்லுக்கும் ஒரு 'ங்க' ஒட்டுவார்கள். நாகர்கோவில்காரர் என்றால் நேரே மலையாளம்தான். கன்னியாகுமரி மாவட்டம் 1956லேயே தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது; இவர்களுக்கு இன்னும் தகவல் போகவில்லை.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். சில பேருடைய கேள்வி ஊரோடு நிற்காது. டவுனா, பாளையங்கோட்டையா? எந்தத் தெரு? குலதெய்வம் எது? பேச்சின் வாலைப் பிடித்து சாதிவரைக்கும் வந்து நிற்பார்கள். தெரு வந்ததுமே நான், "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால" என்று சொல்லிவிடுவேன். "புது பஸ் ஸ்டாண்டா, ஜங்ஷனா?" என்று விடாமல் கேட்டவரும் உண்டு.

ரயிலில் ஒரு அம்மா கேட்டார்: "நான் சிவகங்கைப் பக்கம், தம்பி. நீங்க இன்னும் தெக்கேயோ?" தன் ஊரை முதலில் சொல்லிவிட்டு என் ஊரைக் கேட்டார். எதையும் பேசிக் காட்டச் சொல்லவில்லை. மதுரை வரைக்கும் நான்தான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன்.

சென்னை நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "சரி, நீங்க பேசறது எந்த ஊர்த் தமிழ்?" என்றேன். அவருக்குக் கேள்வியே புரியவில்லை.

"எங்களுதுல அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சார். நாங்க எப்பவுமே நார்மலாதான் பேசினு இருப்போம்."