வட்ட விளக்கப்பட வருணனை: இலக்கணமும் வழுக்களும்

ஆங்கிலத் தேர்வுகளில் எழுதப்படும் உரைநடை வகைகளுள், இலக்கண ஆசிரியர்களின் கண்ணில் படாமலே வளர்ந்துவிட்ட ஒன்று வட்ட விளக்கப்பட வருணனை ஆகும். வட்ட விளக்கப்படம் என்பது, ஒரு முழுமையை 360 பாகையாகக் கொண்டு, அதன் உட்பிரிவுகளுக்கு விழுக்காடு ஒன்றுக்கு 3.6 பாகை வீதம் இடம் ஒதுக்கும் படம். பேச்சு வழக்கில் பை சார்ட். வருணனை என்பது, படம் கண்ணெதிரே இருக்கையில் இல்லாதது போலப் பாவித்து, அதைக் காணாத ஒருவருக்குச் சொல்வது போல, அதைத் தந்தவர்களுக்கே எழுதிக் காட்டுவது. 1989 முதல் நடந்துவரும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் அகாடமிக் பிரிவில், எழுத்துத்தாளின் முதற்கேள்வியாக இத்தகைய படமொன்று தரப்படலாம். அதைப் பற்றிக் குறைந்தது 150 சொற்கள் எழுத வேண்டும் என்பது விதி, அதற்கு ஏறக்குறைய 20 நிமிடம் போதும் என்பது தேர்வு நடத்துவோரின் நம்பிக்கை. ஜெனரல் பிரிவினருக்குக் கடிதம் எழுதும் வேலைதான் என்பதால், அந்தப் பாக்கியசாலிகள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரவில்லை.

இப்படத்தின் தோற்றுவாய் தெளிவானது. ஸ்காட்லாந்தில் பிறந்து, நீராவிப் பொறியால் பெயர்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்த வில்லியம் பிளேஃபேர், 1801-இல் வெளியிட்ட நூலொன்றில், துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பு ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என மூன்று கண்டங்களில் பங்காகிக் கிடப்பதை ஒரு வட்டத்தை மூன்றாக அறுத்துக் காட்டினார். எண் வரிசைகளை மனத்தில் நிறுத்தச் சிரமப்படுவோர் ஒரே பார்வையில் விஷயத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்பதே அவர் நோக்கம். அதாவது, சொல்லை மிச்சப்படுத்தவே இந்த வட்டம் பிறந்தது, அதை 150 சொற்களாக மறுபடி அவிழ்க்கச் சொன்னது பிற்காலத்தார் கைங்கரியம். புள்ளிவிவர உலகிலும் இதற்குப் பகைவர் உண்டு. 1983-இல் வெளியான தம் நூலில் எட்வர்ட் டஃப்டி, ஒரு வட்டப்படத்தைவிட மோசமான வடிவமைப்பு பல வட்டப்படங்களைச் சேர்த்து வைப்பதுதான் என்ற பொருள்பட எழுதினார். அடுத்த ஆண்டே கிளீவ்லண்டும் மெக்கில்லும், ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கும்போது தடுமாறாத மனிதக் கண், கோணத்தை மதிப்பிடும்போது தடுமாறுகிறது எனச் சோதனை செய்து காட்டினர். தேர்வுத்தாளில் ஒன்றுக்கு இரண்டாய், மூன்றாய், சில வேளை நான்காய் வட்டங்கள் வருவதைப் பார்த்தால், வினாத்தாள் தயாரிப்போர் டஃப்டியைப் படித்திருக்கிறார்கள், ஆனால் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள் என்று கருத இடமுண்டு.

இவ்வகையின் காப்புச் செய்யுள், வினாவை வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும் முதல் வாக்கியம். வினாத்தாளிலிருந்து அப்படியே பெயர்த்த சொற்கள் கணக்கில் சேரா என்பதால், வினாவில் 'ஷோ' என்றிருந்தால் விடையில் 'இல்லஸ்ட்ரேட்' ஆகும், 'பீப்பிள்' 'இண்டிவிஜுவல்ஸ்' ஆவர், வீடு குடியிருப்பாகும். கோச்சிங் சென்டர்களில் இதற்கெனத் தனிப் பட்டியலே ஜெராக்ஸ் எடுத்துத் தரப்படுகிறது. இந்த ஆர்வம் எல்லை மீறும்போது, காபி குடிப்போரைக் குறித்த படம் 'கஃபீன் கலந்த பானத்தை நுகரும் மானுடர்' பற்றியதாக மாறி, படத்தில் இல்லாத தேநீரும் கோலாவும் உள்ளே புகுந்துவிடுகின்றன. சொல் மாறியது, பொருளும் கூடவே மாறிவிட்டது.

அடுத்து வருவது ஏறத்தாழவியல். துல்லியமான எண்ணைத் துல்லியமற்றதாக்கும் கலை என இதை வரையறுக்கலாம். படத்தில் 26 விழுக்காடு என்று அச்சிட்டே இருக்கும். அதை 26 என்றே எழுதினால் சொல்வளம் போதாது என்ற அச்சம் தேர்வரைப் பிடித்து ஆட்டுவதால், 'ஜஸ்ட் ஓவர் எ குவார்ட்டர்', அதாவது காலுக்குச் சற்று மேல், என்று எழுதுகிறார். 24 காலுக்குச் சற்றுக் கீழ். 49 கிட்டத்தட்டப் பாதி. 33 மூன்றில் ஒன்று. சிக்கல் 37-இல் தொடங்குகிறது. மூன்றில் ஒன்றுக்கு அது மிகை, ஐந்தில் இரண்டுக்குக் குறை. எந்தப் பின்னமும் உரிமை கோராத இந்தப் புறம்போக்கு நிலத்தில் தேர்வர் ஒன்றரை நிமிடம் அலைந்துவிட்டு, கடைசியில் 37 என்றே எழுதுகிறார். 5 விழுக்காட்டுக்கு 'மா', ஆறேகாலுக்கு 'மாகாணி' என்று கைவசம் பெயர் வைத்திருந்த கணக்கு மரபில் வந்தவர், 'எ ஸ்மால் மைனாரிட்டி' என்று முனகி ஒதுங்குவதைப் பார்த்தால் பழைய திண்ணைப் பள்ளி ஆசிரியர் பிரம்பை எடுத்திருப்பார். பின்னம் எழுதிய கையோடு அடைப்புக்குறிக்குள் எண்ணையும் தருவோர் இருவகை வாசகரையும் திருப்தி செய்கின்றனர்; இவ்வாய்வும் அவர்கள் பக்கமே சாய்கிறது.

நன்னூல் வழுக்களை ஏழாக வகுத்தது. அவற்றுள் மூன்று இவ்வட்டத்துக்குள் அடிக்கடி நிகழ்கின்றன. கால வழு எளியது: 1995 என்று தலைப்பிட்ட படத்துக்கு நிகழ்கால வினையும், 2040 என்று தலைப்பிட்ட படத்துக்கு எல்லாம் முடிந்துபோனது போன்ற இறந்தகால வினையும் எழுதுவது. மரபு வழு சுவையானது. கோட்டுப்படத்துக்காக மனப்பாடம் செய்த 'விண்ணை நோக்கிப் பாய்ந்தது', 'படுவீழ்ச்சி கண்டது' முதலிய வினைகளைச் சும்மா விட மனமின்றி, ஒரே ஆண்டைக் காட்டும் ஒற்றை வட்டத்தின் மேல் இறக்குவதே அது. அந்த வட்டத்தில் எதுவும் ஏறாது, இறங்காது. வீட்டு வாடகை 40 விழுக்காடாக அசையாமல் உட்கார்ந்திருக்க, விடைத்தாளில் மட்டும் அது கிடுகிடுவென உயர்ந்துகொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு இரண்டு வட்டம் என்றால் ஏற்ற இறக்கம் உண்டுதான், ஆனால் அங்கேதான் பொருள் வழு என்று புதிதாகப் பெயரிடத் தக்க ஒன்று பதுங்கியிருக்கிறது. ஓர் ஊரின் மின்சாரம் முதல் வட்டத்தில் 100 அலகு, அதில் நிலக்கரி 50. இரண்டாம் வட்டத்தில் 200 அலகு, அதில் நிலக்கரி 80 என்று வைத்துக்கொண்டால், நிலக்கரியின் பங்கு பாதியிலிருந்து ஐந்தில் இரண்டாகச் சுருங்கியது, எரித்த நிலக்கரியோ கூடியது. துண்டு சிறுத்ததைக் கண்ட மாத்திரத்தில் நிலக்கரிப் பயன்பாடு குறைந்தது என எழுதுபவர், தாம் அறியாமலே புகைபோக்கிகள் பலவற்றை மூடிவிடுகிறார். 20 விழுக்காடு 30 ஆனதை '10 விழுக்காடு உயர்வு' என்பதும் இதன் உடன்பிறப்பே: கூடியது 10 விழுக்காட்டுப் புள்ளி, அதாவது இரு விழுக்காடுகளின் நேர்க் கழித்தல், உயர்வு என்று பார்த்தால் அது 50 விழுக்காடு.

துண்டுகளை எந்த வரிசையில் சொல்வது என்பதில், கடிகாரத்தின் 12 மணியிலிருந்து வலமாகப் பிரதட்சிணம் செய்வோர் ஒருபுறம், பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்குவோர் மறுபுறம். முதல் தரப்பார் எதையும் விடமாட்டார்கள், அதனாலேயே மதிப்பெண்ணை விடுவார்கள்; முக்கியமானதைத் தேர்ந்து சொல்லும்படி வினா கேட்டிருக்க, அவர்கள் ஒவ்வொரு துண்டின் வாசலிலும் நின்று கதவைத் தட்டுகின்றனர். மொத்தப் பார்வை ஒன்றைத் தெளிவாகத் தராமல் விவரங்களை இயந்திரம் போல ஒப்பிப்பவரை 5-ஆம் படியிலேயே நிறுத்துகிறது மதிப்பீட்டு அட்டவணை. வண்ணப்படத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பயிற்சி தரும் இடங்களில் இந்தப் பிரதட்சிணமும் கஷ்டம்: நீலமும் பச்சையும் சிவப்பும் ஒரே சாம்பலாகிவிட, பக்கத்திலுள்ள குறிப்புக் கட்டங்களும் அதே சாம்பலில் நிற்க, எது கல்வி, எது மருத்துவம் என்பதைத் தேர்வர் தம் வீட்டுச் செலவை நினைத்து ஊகிக்கிறார். 'இதர' என்ற துண்டோ பாவம். அது பெரிதாக இருந்தாலும், தலைவன் பெயரைச் சுட்டாத அகப்பாடலைப் போல, பெயரில்லாமலே பத்தியின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

இந்த இலக்கணத்தின் உயிர்நாடி ஒரு தடையில் இருக்கிறது: ஏன் என்று எழுதக்கூடாது. பிரான்சின் மின் உற்பத்தியில் அணுசக்தியின் பங்கு பெருகியதைக் காட்டும் படம் வந்தால், 1973-இன் எண்ணெய் நெருக்கடிதான் அந்நாட்டை அந்தப் பக்கம் தள்ளியது என்று அறிந்த தேர்வர், அறியாதவரைப் போல வாய்மூடி, பெருகியது என்பதோடு நிறுத்த வேண்டும். காரணம் சொன்னால் அது முன்சொன்ன மூன்றில் எஞ்சிய விடை வழு, கேளாத வினாவுக்கு இறுத்த பதில். அறிவுள்ளவருக்கு அவமானம் போலத் தோன்றும் இத்தடையைக் கண்டித்து எழுத வேண்டும் என்று தோன்றினாலும், ஒரு கூட்டத்தாரைப் பார்த்ததும் பேனா தயங்குகிறது. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு பெற எழுத்துத்தாளில் 6.5 வேண்டும் என்பதால், தமிழ்நாட்டுச் செவிலியர் பலர் இத்தேர்வோடு மல்லுக்கட்டுகின்றனர். இரவுப் பணியில் நோயாளியின் வெப்பநிலை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கண்டபடி குறித்து, முந்தைய அளவோடு ஒப்பிட்டு, தம் ஊகத்தைக் கலக்காமல் அடுத்த ஷிப்டுக்கு ஒப்படைப்பது அவர்களுக்குக் கைவந்த தொழில். அதையே காபிக்கும் நிலக்கரிக்கும் செய்யச் சொன்னால்தான் கை நடுங்குகிறது.

எஞ்சியது முடிவுரை. பள்ளிக் கட்டுரைகளில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பழகிய கை, 150 சொற்களை எட்டியதா எனத் தாளில் விரல்வைத்து எண்ணிப் பார்த்துவிட்டு (கணினியில் எழுதுவோருக்கு எண்ணிக்கை திரையிலேயே வந்துவிடுகிறது), குறைந்த சொற்களை நிரப்ப, அரசு உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடிக்கிறது. ஐந்து நகரங்களில் மக்கள் விரும்பும் பழரசம் பற்றிய படமாயினும் இந்த அரசுக்கு விடுப்பு இல்லை. உண்மையில் இக்கேள்விக்கு முடிவுரையே தேவையில்லை; மொத்தப் பார்வை ஒன்று எங்கேனும் இருந்தால் போதும். கருத்துச் சொல்லியே ஆகவேண்டிய இரண்டாம் கேள்வி, இதைப்போல் இரு மடங்கு மதிப்போடும் 250 சொல் வரம்போடும் அடுத்த பக்கத்தில் இருக்கிறது, அந்த அரசுக்கு அங்கே 40 நிமிடமும் முழுநேர வேலை.