ஜன்னல் அண்ணன்

"ஒரு நிமிஷம் தம்பி, இதை மட்டும் இப்படித் தள்ளி வச்சிடறேன்" என்று அவர் சொல்லிவிட்டால் நீங்கள் எழுந்து போய்ப் பசியாறிவிட்டு வரலாம். பினாங்கு குவின் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டு, மார்க்கெட் ஸ்திரீட் முனையில் ஒரு தே தாரிக் குடித்து, பூக்கடையில் ஊர்க்கதை கேட்டுவிட்டு மாடியேறினாலும், ஜன்னல் அண்ணன் அதே ஜன்னலைத்தான் தள்ளிக்கொண்டிருப்பார். கணினித் திரையில் திறக்கும் ஜன்னலைச் சொல்கிறேன்.

2025 அக்டோபர் வரை நல்ல மனிதர்தான். அந்த மாதம் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் இன்டெல் சில்லு பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அண்ணனுடையது ஆறாம் தலைமுறை. பெட்டியைத் திறந்து, விசிறியைக் கழற்றி, காய்ந்துபோன பசையைத் துடைத்துப் பார்த்திருக்கிறார். சில்லின் முதுகில் 'மலாய்' என்று பொறித்திருந்ததாம். 1972-இல் பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை வந்ததிலிருந்து எத்தனை வீட்டுப் பெண்கள் விடியற்காலைத் தொழிற்சாலைப் பேருந்துக்கு ஓடியிருக்கிறார்கள். "நம்ம ஊர்ப் பொம்பளைங்க கை பட்ட சில்லு தம்பி, இதையா குப்பையில போடறது?" என்று கேட்டு, கணினியைத் தூக்கிப் போடாமல் லினக்ஸுக்கு மாறிவிட்டார். அன்றைக்கு நானும் கைதட்டினேன். அந்தப் பாவத்துக்குத்தான் இப்போது அனுபவிக்கிறேன்.

விண்டோஸில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இடப்பக்கம் திரையில் மூன்றில் இரண்டு பங்கு, அவர் பொருளாளராக இருக்கும் நம் சங்கத்தின் கணக்கு. வலப்பக்கம் மேலே வங்கிப் பக்கம். அதன் கீழே வாட்சாப். எதை மூடித் திறந்தாலும், சொந்த வீட்டுக் கொல்லைக்கு வரும் பூனைபோல அது விட்ட இடத்திலேயே வந்து உட்காரும். லினக்ஸில் அப்படி வரவில்லை. கணக்கு நட்ட நடுவில் திறக்கிறது. வங்கி அதன் தலைமேல் ஏறுகிறது. வாட்சாப் எங்கே வரும் என்பது வாட்சாப்புக்கே தெரியாது.

இது வெறும் கேலி இல்லை, காரணமும் இருக்கிறது. அண்ணன் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். லினக்ஸில் ஜன்னல்களைக் காட்டும், 1987-இல் வந்த எக்ஸ் 11 என்ற பழைய ஏற்பாட்டில், ஒரு மென்பொருள் 'என்னை இந்த மூலையில் வை' என்று கேட்கலாம். அதற்கு மாற்றாக வந்த வேலண்டில் கேட்க முடியாது. தான் திரையில் எங்கே இருக்கிறோம் என்றுகூட ஜன்னலுக்குத் தெரியாது. ஒரு மென்பொருள் இன்னொன்றை வேவு பார்க்கக் கூடாது என்பதும் அப்படிக் கட்டியதற்கு ஒரு காரணம். இடத்தை முடிவு செய்கிறவர் கம்பாசிட்டர். அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவருக்கு நாம் வைத்திருந்த அதே பெயர். "முன்னெல்லாம் கல்யாணப் பந்தியில பிடிச்ச எடத்துல உட்காருவோம்ல? இப்பப் பந்தி விசாரிக்கறவன் காட்டற எலையிலதான் உட்காரணும்" என்பது அண்ணனின் விளக்கம். விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பந்தி முடிந்து இலையெடுக்கும் நேரம் வந்த பிறகும் அவர் இன்னும் உட்கார இடம் பார்த்துக்கொண்டிருக்கிறாரே!

அவர் திரையை நீங்கள் பார்க்க வேண்டும். சட்டத்தைச் சுற்றி மஞ்சள் ஒட்டுநாடாத் துண்டுகள். ஒவ்வொரு ஜன்னலும் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதற்கு எல்லைக்கல். கணக்குக்கு 'க'. வங்கிக்கு 'வ'. வாட்சாப்புக்கும் 'வ' வந்து குழம்பியதில், அதற்குக் கால் போட்டு 'வா' ஆக்கியிருக்கிறார். தினமும் காலையில் பள்ளிக்கூட அடிக்கோலைக் கண்ணாடியில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுட்டியை மூச்சுவிடாமல் நகர்த்துவார். "ரெண்டு மில்லி உள்ளே போயிடுச்சு" என்று முனகி மறுபடி இழுப்பார். எல்லாம் கோட்டில் வந்ததும் நாற்காலியில் சாய்ந்து, போட்ட கோலத்தைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. அதற்குள் கோவில் உச்சிக்கால மணி அடித்துவிடும். கணினியை அணைத்துவிட்டுக் கும்பிடப் போவார். மறுநாள் முதலிலிருந்து.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கேடிஇ திரைச்சூழலைப் போடுங்கண்ணே, அதில் ஜன்னலுக்கு விதி எழுதலாம், எழுதின இடத்திலேயே நிற்கும்" என்று சொல்லித் தொலைத்தேன். போட்டார். விதி எழுத உட்கார்ந்தார். ஒரு வாரம் கழித்து, 'சேமிக்கட்டுமா?' என்று கேட்கும் குட்டிப் பெட்டியும் அதே விதிக்குக் கீழ்ப்படிந்து, கணக்குத்தாள் அளவுக்கு விரிந்து வந்து நின்றது. அதற்கு விலக்கு விதி. விலக்குக்கு விலக்கு. நம் சங்கத்துச் சட்டவிதிகளே அவ்வளவு இல்லை.

மற்ற குணங்களைச் சொல்லத் தொடங்கினால் விடியும். விசைப்பலகையில் விண்டோஸ் சின்னம் இருக்கும் விசைமேல் அண்ணியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கிறது. அதை 'சூப்பர் விசை' என்றுதான் சொல்ல வேண்டும். மேக் வைத்திருப்பவர்களைக் கண்டால் துக்கம் விசாரிப்பார்: பாதித் திரைக்கு ஜன்னலை ஒட்டவைக்கும் வசதி விண்டோஸில் 2009-லேயே வந்துவிட்டது, மேக்கில் 2024-இல்தானே வந்தது என்று. உபுண்டு லினக்ஸ்காரர்கள் 2010-இல் மூடும் பொத்தானை இடப்பக்கம் கொண்டுபோய், 2017-இல் திரும்ப வலப்பக்கம் வைத்ததை, பங்காளி வேலித் தகராறுபோல் விவரிப்பார்.

அந்த மாடி அறையில் நிஜ ஜன்னலும் ஒன்று உண்டு. பழைய கடைவீடுகளின் மரச்சட்ட ஜன்னல்தான். கொக்கி உடைந்து பல வருஷம் ஆகிறது. அட்டையை மடித்துச் செருகியிருக்கிறார். போன மழையில் சாரல் அடித்து ரசீதுக் கட்டு ஊறிப்போனது. அந்த ஜன்னலை மட்டும் தள்ளிப் பார்க்க அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

ஒரு சாயங்காலம், இடியாப்பப் பொட்டலத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பதினெட்டு வருஷமா கணக்கு அதே எடத்துல இருந்துச்சுல்ல, கண்ணாடி போடாமலே கை போகும். இப்பத் தேட வேண்டியிருக்கு தம்பி." அறுபத்தாறு வயது. பதினெட்டு வருஷத்தில் பத்துக் காசு பிசகாத பொருளாளர். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அடிக்கோலை நானே பிடித்துக்கொண்டேன்.

ஆனால் தைப்பூசம் முடிந்துவிட்டதே. தண்ணீர்மலைப் பாதையில் நாம் போட்ட தண்ணீர்ப் பந்தலின் கணக்கு இன்னும் வரவில்லை. பால், ரோஸ் சிரப், கூடார வாடகை, ஐஸ் எல்லாம் அந்த ஊறிய ரசீதுக் கட்டில்தான் கிடக்கின்றன. பொதுக்கூட்டம் நடத்த வேண்டும்; நடந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போயாக வேண்டும். அங்கே இருக்கும் அதிகாரி, கணக்கு திரையின் எந்த மூலையில் திறந்தது என்று கேட்கப்போவதில்லை.

அண்ணே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். 'க'வுக்குள் இருந்தாலும் சரி, 'வா'வுக்குள் இருந்தாலும் சரி, இருக்கிற இருப்பில் கணக்கை அனுப்பிவிடுங்கள். ஐஸ்காரருக்கு 340 வெள்ளி பாக்கி. அவர் என்னைத்தான் கூப்பிடுகிறார்.