புறத்திணையில் விடுபட்ட துறை

வாளை உருவலாம் என்பது ஒன்று, உருவுவது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாதார் என் நூலைப் படிக்கத் தகுதியற்றவர். நூல் இன்னும் எழுதப்படவில்லை என்பதால் யாரும் வருந்த வேண்டாம். ஆசிரியன் ஊர் அன்னவாசல்.

முன்னோர் இதைத் தொடாமல் இல்லை. ஆநிரை கவரும் வெட்சியை மன்னன் ஏவச் செய்யும் மன்னுறு தொழில், தானாகச் செய்யும் தன்னுறு தொழில் என்று புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கிறது. தொல்காப்பியம் இன்னும் கறார்: வேந்தன் விட்ட வீரர் கவர்ந்தால்தான் வெட்சி. (மற்றவர் கவர்ந்தால் திருட்டு என்று கொள்க, காவல் நிலையத்தின் கொள்கையும் அதுவே.)

அவை அனுமதிக்க, வேந்தன் தானே முடிவெடுத்துப் போவதற்குத்தான் துறை இல்லை. அதற்கு 'ஒப்புறு தொழில்' என்று பெயரிடுகிறேன். எடுத்துக்காட்டு: 2002 அக்டோபரில் அமெரிக்கக் கீழவை 296-க்கு 133, மேலவை 77-க்கு 23 என்று வாக்களித்து, ஈராக்மீது படையை ஏவ அதிபருக்கு அதிகாரம் தந்தன. இதனால் போர் தவிர்க்க முடியாததாகிவிடாது என்று வாக்கெடுப்புக்கு முன் அதிபர் புஷ்ஷே பேசினார். 2003 மார்ச் 20இல் படை புகுந்தது. தேடிப் போன பேரழிவு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. ஆதரித்து வாக்களித்த ஜான் கெர்ரியும் ஹிலாரி கிளிண்டனும், தாங்கள் கொடுத்தது அதிகாரம்தான், படையெடுப்பு புஷ்ஷின் முடிவு என்றார்கள்.

இலக்கணப்படி சரி. எங்கள் ஊர் ஜல்லிக்கட்டுக்கு அரசு அனுமதிக்கிறது. அதற்காகக் கலெக்டர் காளையை அவிழ்த்துவிட்டார் என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் அந்த அனுமதியில் தடுப்புவேலி, மருத்துவக்குழு, நேரக்கெடு என்று நிபந்தனைகள் நீளும். ஈராக் தீர்மானமோ, தேவை எது, தக்கது எது என்று தீர்மானிப்பதை அதிபரிடமே விட்டது. வாடிவாசலைத் திறக்கும் நேரத்தைக் காளையிடமே கேட்டுக்கொள்ளச் சொன்ன அனுமதி அது. ஆகவே இது ஒப்புறு தொழிலுள் 'கண்மூடி ஒப்பு' எனப்படும்.

நம் நாட்டில் இத்துறை முளைக்க வழியில்லை. போருக்கு நாடாளுமன்ற வாக்கு வேண்டுமென்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கை அதிபர் ஜெயவர்த்தனே அழைக்க, அமைதி காக்க அங்கே போன நம் படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிட்டது. அதை 'விருந்துறு தொழில்' என்று தனியே வைத்திருக்கிறேன்.

பழைய எடுத்துக்காட்டு ஒன்று எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சித்தன்னவாசலில் சமணர் குகைக்கோயிலை இளங்கௌதமன் புதுப்பித்தது ஸ்ரீவல்லபப் பாண்டியன் காலத்தில் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. இலங்கைமேல் படையெடுத்து அநுராதபுரத்தைச் சூறையாடியவன் அவனே. ஒப்பியவனும் போனவனும் ஒருவனே என்பதால் அவனை எந்த உட்பிரிவிலும் சேர்க்கவில்லை.